டேன் இருக்கிற வார்த்தை

அந்த மனிதருக்கு அந்த ஒரு வார்த்தையின் அர்த்தம் தெரியுமா, தெரியாதா? எங்கள் கம்பெனி ஜெயந்தியின் வேலை ஒரு காலத்தில் அந்த வார்த்தையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை தப்பித்துவிட்டது. கேள்விதான் எனக்கு இன்னும் தீரவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஞாபகம் வரும். 'தெரிஞ்சுதான் சொல்லியிருப்பார்' என்று ஒரு முடிவுக்கு வருவேன். கடைசி டம்ளரைக் கவிழ்ப்பதற்குள் 'சேச்சே, அந்த ஆளுக்காவது, தெரியறதாவது' என்று மனசு மாறிவிடும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் ஏற்றுமதிக் காகிதம் பார்க்கிற வேலையில் இருந்தேன். அவர் டெஸ்பாட்ச், சரக்கு அனுப்புகிற வேலை. இரண்டு பேருக்கும் ஒரே அறை, நடுவில் ஒரு இரும்பு பீரோ. கம்பெனி முழுக்க அவரை டேன் பாய் என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஒல்லியான ஆள். சட்டைக் காலரில் பேனாவைச் செருகியிருப்பார். ஷூ கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, மழையோ வெயிலோ, காலில் ரப்பர் செருப்புதான். கேட்டால், "இங்க ஷூ போட்டுக்கினு நடந்தா சாம்பிளைத் தூக்கிட்டான்னு சொல்வானுங்க. பேஜாரு" என்பார்.

நான் சேர்ந்த முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி, "பேர் இன்னாம்மா?"

"ரேவதி."

மேஜைமேல் விரலாலேயே இங்கிலீஷில் எழுதிப் பார்த்தார். "ஆர், இ, வி, ஏ, டி... ம்ஹும். டி இருக்குது, ஏ இருக்குது. என் இல்லயே." பிறகு நான் ஏதோ பரீட்சையில் தவறிவிட்ட மாதிரி, "பரவால்ல, விடு" என்று ஆறுதல் சொன்னார். நான் பி.காம். முதல் வகுப்பு. எனக்குச் சுள்ளென்று வந்தது. பெயரில் என்ன இல்லை என்கிறார், எதற்காகப் பரவாயில்லை என்கிறார் என்று ஒன்றும் புரியாமல் மத்தியானம் வரைக்கும் உர்ரென்று உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவரே விளக்கினார். டி, ஏ, என். டேன். தோலைப் பதப்படுத்துவதற்கு இங்கிலீஷில் டேன் என்றுதான் பெயர். அதனால்தான் டேனரி. இந்த ஊர் ஜனங்களுக்கு அது தெரிந்த விஷயம். ஆனால் இவர் அதோடு நிற்கவில்லை. உலகத்தில் இருக்கிற நீள நீளமான இங்கிலீஷ் வார்த்தைகளுக்குள் எல்லாம் இந்த மூன்று எழுத்தும் இதே வரிசையில் ஒளிந்திருக்கிறது என்றும், அப்படி ஒளிந்திருக்கிற வார்த்தைகள் எல்லாம் ஒரே குடும்பம் என்றும், அந்தக் குடும்பத்துக்குப் பூர்வீகம் நம்ம பாலாற்றங்கரைதான் என்றும் ஆணித்தரமாக நம்பினார். நம்பினாரா, நம்புகிற மாதிரி பேசினாரா? பாருங்கள், இங்கேயே எனக்குக் குழப்பம் ஆரம்பித்துவிடுகிறது.

"இம்பார்ட்டன்ஸ். டேன் இருக்குது. அசிஸ்டன்ஸ். இருக்குது. சைமல்டேனியஸ். நட்டநடுவுல இருக்குது. ஹிந்துஸ்தான்ல கூட இருக்குது. எங்க வீட்டம்மா பேரு சுல்தானா. அதுலயும் இருக்குது. பொண்ணு பாக்கப் போனப்ப பேரைக் கேட்டதும் சரின்ட்டேன்."

"பேருக்காகவா கட்டிக்கிட்டீங்க?"

"முகத்தையும் பாத்தேம்மா" என்றார்.

பெண்ணுக்குத் தன்ஸீலா என்று பெயர் வைத்ததும் இதே கணக்கில்தான். அவருடைய தத்துவம் இது: "பச்சைத் தோலை அப்படியே உட்டா ரெண்டு நாள்ல நாறிப்போயிடும். டேன் பண்ணாத்தான் நிக்கும். வார்த்தையும் அப்படித்தாம்மா. டேன் இருக்கற வார்த்தைதான் நிக்கும்."

மடக்கிவிடலாம் என்று, "ரெஸ்பான்ஸிபிலிட்டி எவ்ளோ பெரிய வார்த்தை. அதுல எங்க இருக்குது டேன்?" என்று கேட்டேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது பச்சைத் தோலு. அதனாலதான் இந்தக் கம்பெனில எவனுக்கும் பொறுப்பு நிக்கறதில்ல."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். கோபமாக இருக்க வேண்டும் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன் அல்லவா?

வார்த்தையைப் பிடிப்பதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொல்வார். அந்த அர்த்தம் சரியா, அவரே கட்டியதா என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குத் தலை சுற்றும். ரிலக்டன்ஸ் என்றால் என்ன பாய் என்றால், "மாமியார் வீட்டுக்குக் கிளம்பறப்ப ஒரு செருப்பு மட்டும் காணாமப்போகும் பாரு, அது." போனில் தேடிப் பார்த்தால், மனமில்லாமல் தயங்குவது என்று போட்டிருக்கும். சரிதானே! ஸ்பான்டேனியஸ்? "யாரும் கூப்பிடாம தானா வர்றது. எங்க மாமனாரு மாதிரி." அதுவும் சரி. சரி, மனிதருக்கு விஷயம் தெரிகிறது என்று நம்பி டேன்டமவுண்ட் என்றால் என்ன என்று கேட்டால், "டன் டன்னா அமவுண்ட்" என்பார். அது சுத்தத் தப்பு. ஒன்றுக்கு ஒன்று சமம் என்று அர்த்தம், பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாட்வித்ஸ்டேண்டிங் என்றால், "எங்ககூட நிக்காதே, போய்டுன்னு அர்த்தம்" என்பார். அதுவும் தப்பு, 'அப்படி இருந்தாலும்' என்றுதான் அர்த்தம். சரி சொல்லும்போதும் தப்பு சொல்லும்போதும் முகம் ஒரே முகம். பருப்பு வேகிற பானை மாதிரி அமைதியாக இருக்கும். அதைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

இந்தக் குழப்பம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வீட்டுப்பாடத்தோடு வந்து, சர்க்கம்ஸ்டேன்ஸ் என்றால் என்ன சித்தி என்று கேட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் பாய் அதற்கு அர்த்தம் சொல்லியிருந்தார். "சர்க்கஸ் பாத்திருக்கியா? சுத்திலும் ஜனம் வேடிக்கை பாக்கும், நடுவுல ஒருத்தன் மாட்டிக்கினு நிப்பான். அவன் நிக்கற நிலைமைதான் சர்க்கம்ஸ்டேன்ஸ்." நான் என்னை அறியாமல், "சுத்தி இருக்கிறதுல மாட்டிக்கிட்டு நிக்கிற நிலைமை" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஐயோ, குழந்தைக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோமே என்று இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தேன். நோட்டுத் திரும்பி வந்தது. டீச்சர் டிக் அடித்து 'குட்' என்று எழுதியிருந்தார். நான் அந்த டிக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஜி.எம்.முக்கு நல்ல தொப்பை. அவர் ரிவால்விங் நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி ஒருமுறை முனகிவிட்டுத்தான் அடங்கும். ஓர் ஆயுத பூஜையன்று கம்பெனியில் எல்லோரும் கூடியிருந்தபோது, நன்றி சொல்ல பாயை மேடையேற்றிவிட்டார்கள். மைக்கைப் பிடித்து, "நம்ம ஜி.எம். சார், இந்தக் கம்பெனிக்குக் கெடச்ச ஒரு சப்ஸ்டேன்ஷியல் மேனேஜர்" என்றார். தையல் லைன் பெண்கள் அர்த்தம் தெரியாமல் கைதட்டினார்கள். அர்த்தம் தெரிந்த நாங்கள் நாலைந்து பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டோம். ஜி.எம். பெருமையாகத் தலையாட்டினார்.

கீழே இறங்கி வந்தவரைப் பிடித்தேன். "பாய், சப்ஸ்டேன்ஷியல்னா இன்னா?"

"கனமானதுன்னு அர்த்தம்."

"எந்தக் கனம் பாய்?"

"கோர்ட்டுல கனம் நீதிபதின்னு சொல்றதில்லயா? அந்தக் கனம்" என்று சொல்லிவிட்டுப் பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டார். அன்றைக்கே எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது.

இனி அந்த வார்த்தை. அவுட்ஸ்டேண்டிங். எங்கள் ஆபீஸில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கணக்குப் பிரிவில் இருப்பவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பாய், அட்டைப்பெட்டிக்காரனுக்கு அவுட்ஸ்டேண்டிங் இருக்குதா?" என்று கத்துவார். கொடுக்க வேண்டியது கொடுக்காமல் நிற்கிற பாக்கி. வேறு எந்த அர்த்தத்திலும் அந்தக் கட்டிடத்துக்குள் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. பாயும் அதையே விரித்துச் சொல்வார். "அவுட்டுன்னா வெளிய. ஸ்டேண்டிங்னா நிக்கறது. உள்ள வர வேண்டியது வெளிய நிக்குது. நடுவுல டேன் இருக்குது பாரு, அதான் அவ்ளோ சீக்கிரம் கரையறதில்ல."

ஜெயந்தி தையல் லைனில் இருந்தாள். பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஷூவின் மேல்பாகம் தைக்கிறதில் அவள் கை சுத்தம். கொஞ்சம் வாய் ஜாஸ்தி. அவள் பெயரையும் பாய் விரலால் எழுதிப் பார்த்திருக்கிறார். "மூணு எழுத்தும் இருக்குதும்மா, வரிசைதான் மாறி நிக்குது" என்று வருத்தப்பட்டாராம். அவள் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஒருநாள் அவளுடைய லைனில் மாசமாக இருந்த ஒரு பெண் பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அன்றைய டார்கெட்டை முடித்துவிட்டுப் போ என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். ஜெயந்தி தன் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று, "இது தப்பு சார். அவ போய்ட்டு வரட்டும், அதுக்கப்புறம்தான் நான் தைப்பேன்" என்றாள். பக்கத்து மெஷின்களும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. விஷயம் ஜி.எம். வரைக்கும் போனது. எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் கேட்டுக்குள் கால் வைக்கலாம் என்று சொல்லிவிட்டார். விசாரணை, காகிதம் எதுவும் கிடையாது. வாட்ச்மேனுக்கு வாய்வார்த்தையாக ஒரு உத்தரவு, அவ்வளவுதான்.

ஜெயந்தி மன்னிப்பும் கேட்கவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. கழுத்தில் ஐடி கார்டு, கையில் டிபன் பை, தினமும் காலை ஷிப்டுக்கு எல்லோரையும்போல வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். அவள் புருஷன் பெயின்ட் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, காலில் பிளேட் வைத்து வீட்டில் படுத்திருந்தான். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். குடும்பம் இவள் தையலில்தான் ஓடியது. வேறு கம்பெனிக்குப் போகலாமே என்றால், அங்கே இருப்பவர்கள் முதலில் இங்கேதான் போன் போட்டுக் கேட்பார்கள். எங்கள் ஊரில் ஒரு கேட்டில் நிறுத்தினால் எல்லா கேட்டிலும் நிறுத்தின மாதிரிதான். வாட்ச்மேன் பாவம் பார்த்து ஸ்டூலைப் போட்டார். "வேணாண்ணா. உக்காந்தா ரெஸ்ட் எடுக்கறான்னு சொல்வாங்க" என்று அதையும் மறுத்துவிட்டாள்.

மத்தியானம் டீ குடிக்கும்போது பாய் ஜன்னல் வழியாக கேட்டைப் பார்த்துக்கொண்டே, "நம்ம ஜெயந்தி அவுட்ஸ்டேண்டிங்ல இருக்குதும்மா" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "ஒரு பொம்பளை வெயில்ல நிக்கறா. இப்பவும் உங்களுக்கு வார்த்தை விளையாட்டுதானா பாய்? அவளுக்கு வேலை போச்சுன்னா சோறு கிடையாது, தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். டீயைக் கடைசி வாய் வரைக்கும் குடித்தார். "தெரியும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அவர் அர்த்தம் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்களிடம் ஷூ வாங்குகிற ஜெர்மன் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வருவதாக இருந்தது. அந்த அம்மா வந்தால் கம்பெனியே தலைகீழாகும். பாத்ரூமில் சோப்பு முளைக்கும். தீயணைக்கிற சிலிண்டர்களில் தூசி துடைப்பார்கள். தொழிலாளியை விசாரணை இல்லாமல் வெளியே நிறுத்தக் கூடாது என்பது அவர்கள் போட்டிருந்த விதிகளில் ஒன்று. அது தெரிந்தால் ஆர்டரே போய்விடும். அதனால் அன்றைக்கு ஒருநாள் ஜெயந்தியைப் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கச் சொல்லிவிடு என்று ஜி.எம். வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருந்தார். ஆனால் என்றைக்கும் லேட்டாக வருகிற ரயில், அன்றைக்குப் பார்த்து காட்பாடிக்கு நேரத்துக்கு வந்து தொலைத்தது. வாட்ச்மேன் ஜெயந்தியிடம் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே கார் வந்துவிட்டது. அந்த அம்மா உள்ளே வரைக்கும் காரில் வருகிற பழக்கம் இல்லாதவர். கேட்டிலேயே இறங்கினார்.

வரவேற்க ஜி.எம். நின்றார். பூச்செண்டோடு நான். சாம்பிள் பையைத் தூக்க பாய். அந்த அம்மா பூச்செண்டை வாங்கவேயில்லை. ஐடி கார்டோடு வெயிலில் தனியாக நிற்கிற ஜெயந்தியையே பார்த்தார். "யார் அவங்க? ஏன் வெளியே நிக்கிறாங்க?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

ஜி.எம்.முக்கு நல்ல இங்கிலீஷ் வரும். அன்றைக்கு வரவில்லை. "ஷி... ஷி இஸ்..." என்று இழுத்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. நான் பூச்செண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் பின்னாலிருந்து பாய், அட்டைப்பெட்டி நம்பர் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"அவுட்ஸ்டேண்டிங் ஒர்க்கர், மேடம்."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும்! அவர் ஊரில் அவுட்ஸ்டேண்டிங் என்றால் எல்லோரையும்விட மேலாக நிற்கிற ஆள், தலைசிறந்தவர். "ஓ! உங்க சிறந்த தொழிலாளியையா என்னை வரவேற்க நிறுத்தியிருக்கீங்க? எல்லா கம்பெனியிலயும் முதலாளிங்கதான் வந்து நிப்பாங்க" என்று நேராக ஜெயந்தியிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜெயந்தி என்னைப் பார்க்கிறாள். நான் ஜி.எம்.மைப் பார்க்கிறேன். ஜி.எம். பாயைப் பார்க்கிறார். பாய் சாம்பிள் பையின் ஜிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"எஸ், எஸ். வெரி அவுட்ஸ்டேண்டிங்" என்றார் ஜி.எம். வேறு என்ன சொல்ல முடியும், சொல்லுங்கள்?

அந்த அம்மா ஜெயந்தியின் கையை விடவில்லை. கேட்டைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, அவளுடைய மெஷின் வரைக்கும் கூட்டிக்கொண்டே போனார். என்னை அழைத்து, "இவங்க எப்படி இப்படி ஆனாங்கன்னு கேளுங்க" என்றார்.

நான் ஜெயந்தியிடம் திரும்பினேன். "நீ எப்படி அவுட்ஸ்டேண்டிங் ஆனேன்னு கேக்கறாங்கடி."

அவளுக்கும் ஆபீஸ் அர்த்தம்தானே தெரியும்? ஏன் வெளியே நிற்கிறாய் என்று கேட்பதாக நினைத்துவிட்டாள். முகம் சிவந்துவிட்டது. "நான் இன்னாக்கா பண்ணேன்? தப்பு நடந்துச்சு. தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். மெஷினை நிறுத்தினேன். அவ்ளோதான்."

எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். நான் இங்கிலீஷில் சொன்னேன்: "தப்பைப் பார்த்தா உடனே மெஷினை நிறுத்திட்டு, நேரா சொல்லிடுவாங்களாம்."

"இதுதான் தரம்! இதைத்தான் நாங்க எல்லாருக்கும் சொல்றோம்" என்று அந்த அம்மா கைதட்டினார். ஜெயந்தியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ஜி.எம்.மும் போட்டோவில் நின்றார், சிரித்தபடி. அதற்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து வருகிற மெயில்களின் அடியில் எல்லாம் 'நமது அவுட்ஸ்டேண்டிங் தொழிலாளி நலமா?' என்று ஒரு வரி இருக்கும். யார் ஜெயந்தியை வெளியே அனுப்ப முடியும்? பாத்ரூம் போவதற்கும் அந்த லைனில் அப்புறம் யாரும் யாரையும் தடுக்கவில்லை.

அந்த அம்மாவின் கார் கிளம்பியதும் ஜி.எம். பாயைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னையும்தான். கதவு சாத்துவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"யார்யா உன்னை அந்த வார்த்தையைச் சொல்லச் சொன்னது?"

"இன்னா சார் தப்பு? அவுட்டு. ஸ்டேண்டிங். வெளிய நிக்கற பொண்ணை வேற எப்படி சார் சொல்றது? இன்ஸைடு ஸ்டேண்டிங்னா பொய்யாயிடுமே."

ஜி.எம். தலையில் அடித்துக்கொண்டார். நாற்காலி முனகியது. "அதுக்கு இன்னொரு அர்த்தம் இருக்குதுய்யா!"

"அப்படியா சார்? டேன் இருக்கற வார்த்தைக்கெல்லாம் இப்படித்தான் சார். ஜாஸ்தி அர்த்தம் பிடிக்கும்."

ஜி.எம். என் பக்கம் திரும்பினார். "ரேவதி, நீ சொல்லும்மா. பக்கத்துலயே உக்காந்திருக்க. இந்த ஆளு தெரிஞ்சு சொன்னானா, தெரியாம சொன்னானா?"

நான் பாயின் முகத்தைப் பார்த்தேன். அதே பருப்புப் பானை. "எனக்குத் தெரியல சார்" என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை. ஜி.எம். "போங்க, போய் வேலையைப் பாருங்க" என்றார்.

அப்புறம் எனக்குக் கல்யாணமாகி வேலூருக்கு வந்துவிட்டேன். பாயோடு பேச்சு எப்போதாவது போனில். பெருநாள் வாழ்த்துச் சொன்னால் பதிலுக்கு ஒரு புது வார்த்தை அனுப்புவார். போன வருஷம் தன்ஸீலா கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. ஆம்பூரில் மண்டபம். பெண்கள் பக்கத்தில் சுல்தானா அக்கா என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, மணப்பெண்ணின் சின்ன வயசுக் கதைகளை அவிழ்த்துவிட்டார்.

"இவங்க அப்பா இவ ஸ்கூல்ல போய் சண்டை போட்ட கதை தெரியுமா உனக்கு? பிராக்ரஸ் கார்டுல அவுட்ஸ்டேண்டிங்னு எழுதியிருந்தாங்க. பீஸ் பாக்கின்னு நெனச்சுக்கினு, ரசீதெல்லாம் தூக்கிக்கினு போய், 'எனக்கு எந்த அவுட்ஸ்டேண்டிங்கும் இல்ல, பாத்துக்கோங்க'ன்னு ஒரே சத்தம். அப்புறம் மிஸ் சிரிச்சுட்டு, 'உங்க பொண்ணு ரொம்ப நல்லாப் படிக்குதுன்னு அர்த்தம் சார்'னு சொன்னாங்களாம். வர்ற வழியிலயே ஜிலேபி வாங்கிக்கினு வந்து தெருவுக்கே குடுத்தாரு."

அப்படியென்றால் அவருக்கு அர்த்தம் தெரியும்! ஆனால் எப்போதிலிருந்து? "எந்த வருஷம்க்கா இது? நான் கம்பெனில சேர்றதுக்கு முன்னாடியா? ஜெர்மன் அம்மா வந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"இவ அஞ்சாவது படிக்கறப்ப... இல்ல, ஏழாவதா?" சுல்தானா அக்கா மகளைப் பார்த்தார். தன்ஸீலா மருதாணிக் கையை விரித்து, "எனக்கு ஜிலேபிதான் ஆன்ட்டி ஞாபகம்" என்றாள். நானும் விரலை மடக்கி, அவள் பிறந்தது, நான் சேர்ந்தது என்று எப்படி எப்படியோ கணக்குப் போட்டேன். அஞ்சாவது என்றால் முன்னாடி வருகிறது. ஏழாவது என்றால் பின்னாடி போய்விடுகிறது.

பொறுக்க முடியவில்லை. வாசலில் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்த பாயிடமே போனேன். தாடி நரைத்திருந்தது. புது வேட்டி, புதுச் சட்டை, காலரில் பேனா. மகள் கல்யாணத்திலும் காலில் ரப்பர் செருப்புதான். "பாய், மறைக்காம சொல்லுங்க. அன்னிக்கு கேட்ல அந்த வார்த்தையைத் தெரிஞ்சுதான சொன்னீங்க?"

"எந்த வார்த்தைம்மா?"

"நடிக்காதீங்க. அவுட்ஸ்டேண்டிங்."

"தப்பைப் பாத்தா மெஷினை நிறுத்திட்டு நேரா சொல்லிடுவாங்கன்னு அந்த ஜெர்மன் அம்மாகிட்ட நீதான சொன்னே. நீ தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா?"

ஜெயந்தி சொன்னதைத்தானே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லையே, ஆனால் அந்த அம்மா வேறு மாதிரி எடுத்துக்கொள்வார் என்று எனக்கு அப்போது தெரியாதா? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், பிடிபட மாட்டேன் என்கிறது. என்னைப் பற்றியே எனக்குத் தெரியவில்லை, அவரைப் பற்றி எங்கே தெரியப்போகிறது!

அதற்குள் பாயின் பார்வை என்னைத் தாண்டிப் போனது. மண்டபத்துக்கு வெளியே, பெண்கள் எந்த வாசலில் நுழைவது என்று தெரியாமல், கையில் பரிசுப் பொட்டலத்தோடு ஜெயந்தி நின்றுகொண்டிருந்தாள். ஷிப்டு முடிந்து நேராக வந்திருக்கிறாள். கழுத்தில் ஐடி கார்டு கழற்றவில்லை. இப்போது அவள் லைன் இன்ஸ்பெக்டர்.

பாய் கையை உயர்த்திக் கத்தினார். "ஏ அவுட்ஸ்டேண்டிங்! இன்னும் இன்னாத்துக்கு வெளியவே நிக்கறே? உள்ள வாம்மா!"

ஜெயந்தி சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வேறு விருந்தாளியிடம் போனதும் அவள் காதில் கேட்டேன். "உன்னை எப்பவும் இப்படித்தான் கூப்பிடறாரா?"

"அன்னிலேர்ந்து இப்படித்தாங்க்கா."

"எந்த அர்த்தத்துலடி?"

"யாருக்குத் தெரியும்? வெளிய நின்னவன்னு கிண்டல் பண்றாரா, நல்லா வேலை செய்யறவன்னு சொல்றாரா, நானும் கேட்டதில்ல" என்றாள் ஜெயந்தி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டே. "எதுவா இருந்தா இன்னாக்கா? உள்ள வான்னுதான கூப்பிடறாரு."